அஷ்டமியில் வராதவர்கள்

"ரெண்டும் ஒண்ணுதான், சரி. ரெண்டுமே தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க, தம்பி?"

மதுரை மீள்கணிப்பு மையத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவர் பெயர் சுடரொளி. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சிம்மக்கல்லில் கணவரோடு சேர்ந்து அச்சகம் நடத்துகிறவர். மூன்று வாரத்துக்கு முன்பு அவருடைய வலது மார்பிலிருந்து புற்றுநோய்க் கட்டி ஒன்றை எடுத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் மேசைமேல் இருந்த இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலி சட்டப்படி போடப்பட்ட நாற்காலி. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் ஒரே கட்டியை, ஒரே நிரலை வைத்து, இரண்டு கணினியில் கணித்தார்கள். ஒன்று கீமோ வேண்டும் என்றது. இன்னொன்று வேண்டாம் என்றது. வேண்டாம் என்ற தாளைத்தான் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்கள். அவர் இறந்தபிறகு விஷயம் வெளியே வந்து, ஊரே கொந்தளித்து, சட்டம் பிறந்தது. கணினி சொல்லி ஒரு சிகிச்சை நடப்பதாக இருந்தால் அந்தக் கணிப்பை வேறு ஊரில், வேறு கணினியில், வேறு ஆள்கள் மறுபடி செய்துபார்க்க வேண்டும். கடைசி இலக்கம்வரை இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த விடை செல்லும். நோயாளி விரும்பினால் நேரில் உட்கார்ந்து பார்க்கலாம். எங்களுக்கு ஜோடி கோவை மையம். இரண்டு திரையிலும் ஒரே எண் வந்து பச்சை விளக்கு எரியும்போது நாற்காலியில் இருப்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கற்பூரம் கொளுத்தாததுதான் பாக்கி.

சுடரொளி கும்பிடவில்லை. அவர் எதையுமே கும்பிடுகிற ஆளில்லை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

"தப்பா இருக்க வாய்ப்பில்லம்மா. நோய் திரும்புற ஆபத்து இங்கயும் முப்பத்தொண்ணு, கோவையிலயும் முப்பத்தொண்ணு. ஐம்பதுக்கு மேல போனாத்தான் கீமோ. உங்களுக்குத் தேவையில்ல" என்றேன்.

"நான் நாப்பது வருஷமா அச்சகத்துல இருக்கேன். அச்சுக் கோத்த ஃபார்ம்ல ஒரு எழுத்து தப்பா இருந்தா ஆயிரம் காப்பியிலயும் அதே தப்புதான் வரும். ஆயிரமும் ஒத்துப்போகுதேன்னு புரூஃப் பாக்காம விட்ருவாங்களா?"

"இது அச்சு இல்லம்மா, கணிப்பு."

"மெஷின்காரனும் இப்படித்தான் சொல்லுவான்."

எனக்குச் சுருக்கென்றது. ஒத்துப்போகிறதா இல்லையா என்பதுதான் என் பிழைப்பு. அதில் ஒரு நாளும் நான் கோட்டைவிட்டதில்லை. வெளியே பெஞ்சில் ஃபிளாஸ்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் கணவர் இங்கர்சால், கீமோ இல்லை என்றதும் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அந்த அம்மாள் மட்டும் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி போனார்.

அவர் சொன்னது தவறு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வீம்புதான், வேறென்ன. கீமோ தேவையில்லை என்று சொல்லப்பட்டும் நோய் திரும்பியவர்களின் விவரம் ஆண்டுதோறும் எங்களுக்கு வரும். நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லும் நிரல் எங்கும் கிடையாது. கொஞ்சம் பேருக்குத் திரும்பத்தான் செய்யும். ஆனால் நிரல் ஒழுங்காக இருந்தால் அந்தக் கொஞ்சம் பேர் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடக்க வேண்டும். அறுவை சிகிச்சை நடந்த தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். சிதறிக் கிடக்கவில்லை. அடுத்தடுத்த இரண்டு நாள்களில் கும்பலாக இருந்தார்கள். பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கொருவர் இங்கொருவர். மறுபடி இரண்டு நாள் கும்பல்.

முதலில் ஏசியைச் சந்தேகப்பட்டேன். மாதாந்திர மின்தடையைச் சந்தேகப்பட்டேன். மாதிரிகளைக் கொண்டுபோகிற வண்டிக்காரர் விடுப்பு எடுத்த நாள்களை விசாரித்து அவருடைய மனவருத்தத்தைச் சம்பாதித்தேன். எதுவும் பொருந்தவில்லை. தேதிகளை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவி கோமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நல்ல காரியம் வைக்கக் கூடாத நாளாப் பாத்து எழுதி வச்சிருக்கீங்க?"

"என்ன நாளு?"

"போன வருஷம் சீமந்தத்துக்கு நாள் பாத்தப்ப இந்தக் கடைசி ரெண்டு தேதியத்தான தள்ளிவிட்டோம். அஷ்டமி, நவமி. அதுக்கு மேல இருக்கறதும் அஷ்டமி, நவமியாத்தான் இருக்கும், பாருங்க."

போன வருஷத்து மாதக் காலண்டரில் சரிபார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கைபேசியில் பார்த்தோம். ஓரிரண்டைத் தவிர எல்லாமே அஷ்டமி, நவமிதான்.

"தெரிஞ்ச விஷயந்தான். அந்த நாள்ல கத்தி வச்சா வெளங்குமா?" என்று சொல்லிவிட்டுக் கோமதி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அஷ்டமியில் பல் பிடுங்கக்கூடப் போகமாட்டோம். ஆனாலும் சொல்கிறேன், அந்தத் தாளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கட்டியில் இருக்கும் மரபணுவுக்குத் திதி எப்படித் தெரியும்?

மறுநாள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் ஒதுக்கும் தலைமைச் செவிலியருக்குத் தொலைபேசி செய்தேன்.

"அஷ்டமியிலயா சார்? அன்னிக்கு தியேட்டர்ல ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இருப்போம்" என்று அவர் சிரித்தார். "நாள் குடுத்தாலும் மாத்திக் கேட்டுருவாங்க. முத்திப்போய், இனிமே ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்ன கேஸ் மட்டும்தான் வரும்."

போனை வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு எளிய விஷயம் இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் நிரலுக்குத் துலா என்று பெயர். கட்டியில் எந்தெந்த மரபணு எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்று அது அளக்கிறது. ஆனால் வெறும் அளவை நம்ப முடியாது. ஒருநாள் வெயில் அதிகம், ஒருநாள் வண்டி தாமதம், ஒருநாள் ரசாயனம் புதிது. அதனால் எல்லா அளவும் கொஞ்சம் ஏறும், இறங்கும். இதைச் சரிக்கட்ட, ஒருவருடைய கட்டியை அதே நாளில் அதே இடத்தில் எடுத்த மற்றவர்களுடைய கட்டிகளோடு துலா ஒப்பிடும். எந்த நாளானாலும் வருகிற கூட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. அதை எழுதியவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ, அங்கே அது உண்மையாக இருந்திருக்கும். இங்கே அஷ்டமியன்று வருவது முற்றிய கூட்டம். எல்லோரும் ஃபெயிலாகிற வகுப்பில் முப்பது மார்க் வாங்கினவன் முதல் ரேங்க் வாங்குவதைப்போல, அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் சுமாரான நோயாளிகளாகத் தெரிவார்கள். கீமோ வேண்டாம் என்று விடை வரும். கோவையிலும் அதே கூட்டத்தோடுதான் ஒப்பிடுவார்கள். அங்கும் அதே விடை வரும். பச்சை விளக்கு எரியும்.

சுடரொளியின் அறுவை சிகிச்சை நாளைப் பார்த்தேன். அஷ்டமி.

எங்கள் இயக்குநர் டாக்டர் எபனேசர் கெட்டவர் அல்ல. நான் கொண்டுபோனதை முழுக்கப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பூவலிங்கம், அரசாங்க நிரல்ல பஞ்சாங்கத்தைச் சேக்கச் சொல்றீங்க. உலகமே சிரிக்கும்யா."

"நிரல் தப்பு பண்ணுது சார். ஆளுங்க சாகுறாங்க."

"எனக்குப் புரியுது. ஆனா தப்புன்னு எதைவச்சு எழுதுவீங்க? நம்ம சட்டத்துல தப்புன்னா ஒத்துப்போகாத விடை. இது கடைசி இலக்கம்வரைக்கும் ஒத்துப்போகுதே. ஒத்துப்போன விடையை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. டாக்டரே நெனச்சாலும் அதை மீறிக் கீமோ குடுக்க முடியாது."

"அப்ப வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்கு. பாதிக்கப்பட்டவங்க மனு குடுத்தா நிபுணர் குழு கூடியே ஆகணும். ஆனா அவங்க காரணத்தைச் சொல்லணும். யாரு சொல்லுவா?"

கீமோவை அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்கப்புறம் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. போன வருஷத்து அஷ்டமிக்காரர்களுக்கு நேரம் கடந்துவிட்டது. குழு கூடி முடிவெடுக்கும்வரை கெடு தாண்டாமல் இருக்கக்கூடிய முதல் கூட்டம் சுடரொளியோடு அறுவை செய்துகொண்ட கூட்டம். எனவே சிம்மக்கல்லுக்குப் போனேன்.

அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்கள் அடுக்கிக் கிடந்தன. எல்லாவற்றிலும் முகூர்த்த நேரம் அச்சடித்திருந்தது. "வயித்துப்பாட்டுக்கு அடிக்கிறோம். எங்க கல்யாணம் ராகுகாலத்துலதான் நடந்துச்சு" என்றார் இங்கர்சால், நான் கேட்காமலே. அஷ்டமியன்று எப்படி அறுவைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். எந்த நாள் காலியாக இருக்கிறதென்று கேட்டார்களாம். அஷ்டமி என்றதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்களாம். அவசரம் என்று எந்த டாக்டரும் சுடரொளியை விரட்டவில்லை.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். சுடரொளி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் மனுவை எடுத்து மேசையில் வைத்தேன். 'பாதிப்புக்கான காரணம்' என்ற இடத்தில் அலுவலக வழக்கப்படி நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: அஷ்டமி திதியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது.

அவர் முகம் சிவந்துவிட்டது.

"அதாவது, அஷ்டமியில போனதாலதான் எனக்குக் கெடுதல் வந்துச்சுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்படித்தானே தம்பி?"

"கணக்கு அப்படித்தாம்மா சொல்லுது."

"எந்திரிங்க. இந்தக் கையாலதான் ஊர் ஊரா நோட்டீஸ் குடுத்தேன், நாளுக்கும் கோளுக்கும் பயப்படாதீங்கன்னு. திருமங்கலத்துல கல்லெறி வாங்கினேன். சாகுற காலத்துல அதே கையால இதை எழுதவா?"

"எழுதித் தொலையேன், சுடர்" என்றார் இங்கர்சால். "உசுரு இருந்தாத்தான் கொள்கை. கட்சிக்காரன் வந்து உனக்கு மருந்து ஏத்துவானா?"

"தோழர், நீங்க சும்மா இருங்க."

இங்கர்சால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, போகவும் மனமில்லை.

மனுவைப் பார்த்தபடியே சுடரொளி கேட்டார்: "அன்னிக்கு என்கூட வார்டுல கெடந்தாங்களே, அவங்களுக்கும் இதே கதிதானா?"

"எல்லாருக்கும்தாம்மா. உங்களவிட அவங்களுக்கு அதிகமா இருக்கும். அவங்க முத்தின கேஸ்."

"அவங்க யாரும் மனுக் குடுக்க மாட்டாங்களா?"

"பேரையோ விலாசத்தையோ நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க கணிப்பை நீங்க நேர்ல வந்து பாத்ததாலதான் உங்க வீட்டுக்கு நான் வர முடிஞ்சுது."

அவர் பேனாவை எடுத்தார். நான் எழுதியிருந்ததைப் புரூஃப் திருத்துகிற மாதிரி ஒரே கோடாக அடித்தார். மேலே தன் கையெழுத்தில் எழுதினார்: 'மற்றவர்கள் ஒரு நாளைக் கண்டு பயந்து வராமல் போனது.' கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுதான் காரணம். இதுக்கு மேல ஒரு எழுத்து மாத்தினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

நான் மாற்றவில்லை. அதைவிடச் சரியாக என்னால் எழுதியிருக்க முடியாது.

செய்தி எப்படியோ வெளியே போனது. 'அஷ்டமியில் ஆபரேஷன்: ஆபத்தை ஒப்புக்கொண்ட பகுத்தறிவு அம்மையார்' என்று ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி அன்று மாலையே ஓட்டியது. சோதிடர் ஒருவர் அவருக்கு நன்றி தெரிவித்துப் பேட்டி கொடுத்தார். அவருடைய இயக்கத் தோழர்கள் அச்சகத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். மனுவில் இருந்த வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை.

குழு கூடுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. கூடியபிறகு நான் எதிர்பார்க்காத இடத்தில் சிக்கிக்கொண்டது. நிரலுக்கு அஷ்டமி, நவமியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நான் சோதனை செய்து வைத்திருந்தேன். கோவையும் செய்திருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. என் வேலைக்காலத்தில் முதல்முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. துருவிப் பார்த்ததில், நான் எங்கள் வீட்டுக் காலண்டரை வைத்து வாக்கியப் பஞ்சாங்கப்படி செய்திருக்கிறேன். அவர்கள் திருக்கணிதப்படி செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் திதி தொடங்குகிற நேரத்தில் சில மணி வித்தியாசம் உண்டு. சில நாள்களில் ஒன்றில் அஷ்டமி, மற்றதில் சப்தமி.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமே. மரபணுவியல், புள்ளியியல், கணினியியல் என்று பெயருக்குப் பின்னால் ஒரு முழம் பட்டம் போட்டவர்கள், வாக்கியமா திருக்கணிதமா என்று காலையிலிருந்து சாப்பாட்டு வேளைவரை சண்டை போட்டார்கள். வானத்தில் இருக்கிற நிலவுக்குச் சரியாக வருவது திருக்கணிதம்தான் என்றார் ஒருவர். கோவில்களில் வாக்கியம்தானே என்றார் மற்றவர். எபனேசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "எங்க சபையில இதெல்லாம் தெரிஞ்சா என்னை உள்ளயே விட மாட்டாங்க" என்று என் காதில் முணுமுணுத்தார்.

மனுதாரர் என்ற முறையில் சுடரொளியும் அங்கே இருந்தார். மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஐயா, நான் எழுதிக்குடுத்ததை யாராச்சும் படிச்சீங்களா? நெலா எங்க இருந்தா உங்களுக்கென்ன? வராம போனவங்க எத்தனை பேர்னு ஆஸ்பத்திரியில கேளுங்க. குடுத்த நாளை வேண்டாம்னு மாத்திக்கிட்டவங்க கணக்கு அங்க இருக்குமில்ல? அதை உங்க மெஷின்ல போடுங்க. பாதிப்பேர் வரலன்னா வந்த பாதி நோயில முத்தின பாதின்னு அது தெரிஞ்சுக்கட்டும். பஞ்சாங்கம் எதுக்கு?"

புள்ளியியல்காரர்தான் முதலில் தலையாட்டினார். அது திதிக்கு மட்டுமில்லை. ஆடி மாதத்துக்கும் தீபாவளி வாரத்துக்கும் பந்த் நாளுக்கும் தேர்தல் நாளுக்கும்கூடப் பொருந்தும் என்றார். எபனேசர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

ஆனாலும் அரசாங்க வேலை அரசாங்க வேலைதான். புதிய முறையை எழுதி, சோதித்து, கையெழுத்துகள் வாங்கி முடிக்கும்போது மூன்று மாதக் கெடு முடிய ஒரே நாள்தான் மிச்சம் இருந்தது. அன்று பிற்பகல் சுடரொளியும் இங்கர்சாலும் வந்தார்கள். அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இங்கர்சால் வெளியே உட்கார மறுத்து உள்ளே வந்து அவருக்குப் பின்னால் நின்றார். கீமோ என்று வந்தால் நாளை காலையே படுக்கை கொடுக்க மருத்துவமனையில் சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் படுக்கைக்குப் பஞ்சமே இல்லை என்று செவிலியர் சொல்லியிருந்தார்.

விசையைத் தட்டினேன். என் திரையில் நாற்பத்துநான்கு வந்தது. கோவைத் திரையில் நாற்பத்துநான்கு. பச்சை விளக்கு.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏறியிருந்தது, ஆனால் ஐம்பதைத் தாண்டவில்லை.

"உங்களுக்குக் கீமோ தேவையில்லம்மா" என்றேன். "உங்க விஷயத்துல பழைய விடையும் சரிதான்."

இங்கர்சால் சுவரில் சாய்ந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். எனக்கு அந்த அம்மாள் பிழைத்துக்கொள்வார் என்ற மகிழ்ச்சி ஒரு பக்கம். இதற்காகவா இந்த மனுஷியைத் தெருவில் இழுத்துவிட்டோம் என்ற வெட்கம் இன்னொரு பக்கம்.

சுடரொளி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுகை அடங்கும்வரை விடவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மத்தவங்களுக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா."

"பேரு வேண்டாம். தாண்டினவங்க இருக்காங்களா?"

அன்று காலை அந்தக் கூட்டம் முழுவதையும் கணித்து முடித்திருந்தோம். அவரைத் தவிரப் பெரும்பாலானவர்கள் ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள். சிலர் எண்பதுக்கு மேல். என் முகத்திலிருந்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அவங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போகும். அங்க குழு பாத்துட்டு அவங்களுக்கு எழுதுவாங்க. பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

"கெடு நாளைக்கு முடியுதுன்னீங்க."

"முடியுதும்மா." எபனேசரிடம் காலையிலேயே சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். நடைமுறையை மீறினால் அந்த விடைகளே செல்லாமல் போகும் என்றார். அதுவும் உண்மை. "ஆனா, நோயாளியே நேர்ல வந்து இந்த நாற்காலியில உக்காந்து கேட்டா அப்பவே காட்டலாம். சான்றிதழைக் கையிலயே குடுக்கலாம். அதுக்குத்தான் சட்டத்துல உரிமை இருக்கே."

சுடரொளி கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தார். "வார்டுல கெடந்தப்ப எல்லார் நம்பரையும் வாங்கி வச்சுக்கிட்டேன். சட்டம் உங்களுக்குத்தான தம்பி, எனக்கில்லையே" என்றார்.

முதலில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"பஞ்சவர்ணம், நான்தான் சுடரொளி. எப்படி இருக்க?"

"அக்கா! நல்லாருக்கேன்க்கா. அதான் மருந்தே வேணாம்னுட்டாங்களே. களையெடுக்கக்கூடப் போறேன்."

"இங்க பாரு, அந்தக் கணக்குல ஒரு சின்னக் குழப்பம். திரும்பப் பாத்திருக்காங்க. நாளைக்குக் காலைல மதுரைக்கு வா. உசிலம்பட்டியில பஸ் ஏறு, நான் ஸ்டாண்டுல நிப்பேன். வேணும்னா அங்கேருந்தே ஆஸ்பத்திரிக்கும் போயிரலாம்."

"நாளைக்கா? நாளைக்கு நவமிக்கா. அன்னிக்கு டாக்டர் சத்தம் போட்டாருன்னு அஷ்டமியில அறுக்க விட்டதுக்கே மனசு இன்னும் கேக்கல. அதான் ஏதோ குழப்பம்னு வருது போல. நாளன்னிக்கு விடிகாலைலயே வந்தர்றேன்க்கா."

சுடரொளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்பது வருஷத்துப் பேச்சு மொத்தமும் அவர் வாய்வரை வந்துவிட்டது என்று நினைத்தேன். இங்கர்சாலும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஒலிபெருக்கியை அணைக்கக் கையை நீட்டினார். சுடரொளி அந்தக் கையை விலக்கினார். என் தலைக்கு மேலே தொங்கிய காலண்டரை ஒரு தடவை பார்த்தார். அதில் நவமி மறுநாள் இரவு வரைக்கும் போட்டிருந்தது.

"நான் பாக்காமயா உன்னைக் கூப்பிடுறேன்?" என்றார், நிதானமாக. "பஞ்சாங்கம் என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. காலைல ஒம்பது மணியோட நவமி முடியுதுடி. அதுக்கப்புறம் தசமி. மருந்து சாப்பிட அதைவிட நல்ல நாள் கிடையாது. பத்து மணிக்கு வந்துரு."

"அப்படியாக்கா? அப்ப சரி. பத்துக்கெல்லாம் வந்துர்றேன்."

இங்கர்சால் தன் மனைவியை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். சுடரொளி யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினார்.